ஆலைத் தெருவின் குணம்

வணக்கம் ஐயா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிப்பவன் நான். சென்ற ஆண்டு பெரம்பூர்ப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கிக் குடிவந்தோம். பழைய மில் இருந்த பகுதி. செய்தியைச் சொன்னபோது உறவினர்கள் வாழ்த்துவதற்கு முன்பே கேட்டது, “ஏன் அங்கே போய்?” என்பதைத்தான். வந்த பிறகு அவர்கள் பயமுறுத்திய எதையும் நான் பார்க்கவில்லை. ஆனால் புரியாதவை பல இருக்கின்றன. இங்கே யாரும் வீட்டுக்குள் இருப்பதில்லை. இரவு பதினொரு மணிக்கும் தெருவில் நாற்காலி போட்டுப் பேசுகிறார்கள். சாவு வீட்டில் விடிய விடியப் பாட்டு நடக்கிறது. நேற்றுத் தெருவே கூடும்படி சண்டை போட்டவர்கள் இன்று ஒரே வண்டியில் போகிறார்கள்.

எங்கள் குடியிருப்பு நலச் சங்கத்தில் இப்போது ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்குகிறார்கள். வாசலை ஒட்டி மீன் விற்கும் பெண்களையும் தள்ளுவண்டிகளையும் அகற்ற வேண்டும், பின்பக்கச் சந்துக்குக் கேட் போட்டு அடைக்க அனுமதி வேண்டும் என்று மாநகராட்சிக்குக் கொடுக்கும் மனு. “இந்த ஏரியாவின் தரம் உயர வேண்டும்” என்று அதில் ஒரு வரி. கையெழுத்திட மனம் வரவில்லை. மறுக்கக் காரணம் சொல்லவும் தெரியவில்லை. ஒரு வட்டாரத்துக்கு என்று தனிக்குணம் உண்டா? உண்டென்றால் அது எப்படி உண்டாகிறது? கூடவே ஒரு சின்னக் கேள்வி. பக்கத்துத் தெரு கேரம் மன்றத்துக்குப் போக வேண்டும் என்று என் மகன் நச்சரிக்கிறான். வயது 12. அனுப்பலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மனுவில் கையெழுத்திடாதீர்கள். மற்றவற்றுக்குப் பதில் நீளும் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் காரணம் கேட்டால் சட்டத்திலிருந்தே தொடங்கலாம். தெருவோர வியாபாரிகளுக்கான பாதுகாப்புச் சட்டம் 2014இல் வந்தது. வியாபாரிகளைக் கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்கிறது அது. அகற்றியே ஆக வேண்டும் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்பதைப் பேச நகர விற்பனைக் குழு ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீத இடம் வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கு. நலச் சங்கம் ஒரு தாளை நீட்டியதும் லாரி வந்து தராசையும் கூடையையும் அள்ளிக்கொண்டு போவது சட்டப்படி நடக்கிற காரியம் அன்று. நடைமுறையில் அப்படி நடந்துகொண்டுதான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் உங்கள் தயக்கம் சட்டம் பற்றியதாகத் தெரியவில்லை. இந்த இடத்தின் இயல்பு என்ன, அதை நாம் கெடுக்கப்போகிறோமா என்ற கேள்விதான் உங்களை உறுத்துகிறது. அது நல்ல உறுத்தல்.

தனிக்குணம் உண்டு. நான் வடசென்னையில் பட்டாளம் என்ற பகுதியை ஒட்டிய ஒரு ஸ்டோரில், அதாவது ஒற்றை அறை வீடுகளின் வரிசையில், வளர்ந்தவன். உண்டு என்று அறிந்தே சொல்கிறேன். ஆனால் அது அங்கிருப்பவர்களின் ரத்தத்தில் வருவதாகச் சொல்லும் யாரையும் நம்பாதீர்கள். “அந்த ஜனங்களே அப்படித்தான்” என்று திட்டுகிறவர்களும், “வடசென்னை மக்களுக்கு மனசு பெரிசு” என்று கொண்டாடுகிறவர்களும் ஒரே தவற்றைச் செய்கிறார்கள். வேலை நேரம், வீட்டின் அளவு, ஒரே தெருவில் மூன்று தலைமுறை சேர்ந்து இருந்த பழக்கம், இவை கூடி உண்டாக்கிய குணம் அது. இதே நிலையில் வேறு யாரைக் கொண்டுவந்து வைத்திருந்தாலும் ஏறக்குறைய இப்படித்தான் வாழ்ந்திருப்பார்கள்.

உங்கள் குடியிருப்பு நிற்கும் மண்ணிலிருந்தே தொடங்குவோம். பக்கிங்காம் மில் 1870களிலும் கர்நாடிக் மில் 1880களிலும் தொடங்கப்பட்டவை. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. ஊரில் எல்லோருக்கும் அது பின்னி மில், அல்லது பி அண்ட் சி. போலீஸ் சீருடைக்கும் பள்ளிச் சீருடைக்கும் துணி நெய்து நாடெங்கும் பெயர் வாங்கிய ஆலை. அதற்கும் முன்பே, 1850களில், பெரம்பூரில் ரயில்வே பணிமனை வந்துவிட்டது. கிழக்கே துறைமுகம். 1955இல் ரயில் பெட்டித் தொழிற்சாலையை நேரு தொடங்கிவைத்தார். செங்கல்பட்டிலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் நிலமற்றவர்கள் இந்த வேலைகளைத் தேடி வந்தார்கள். அன்று பஸ்ஸும் இல்லை, பஸ்ஸுக்குக் கொடுக்கக் காசும் இல்லை. சங்கு ஊதினால் நடந்து போய்ச் சேரும் தூரத்தில் குடியிருந்தாக வேண்டும். புளியந்தோப்பு, ஓட்டேரி, பட்டாளம், சூளை, வியாசர்பாடி எல்லாம் இப்படி நடை தூரத்தை வைத்து நெருங்கியவை.

ஸ்டோர் என்றேன். உங்கள் வயதுக்காரர்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நீளமான ஒரு நடை. இரு பக்கமும் ஒற்றை அறைகள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம். நடையின் கடைசியில் ஒரு குழாய், ஒரு குளியலறை, ஒரு கக்கூஸ். வாடகை வசூலிக்க மாதம் பிறந்ததும் வீட்டுக்காரர் வருவார். மில் சங்கு முதல் ஷிப்டுக்கு ஊதும் முன்பு யார் குளிப்பது, அதன் பிறகு யார் குளிப்பது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு எப்போது இடம் என்பதெல்லாம் எழுதாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்குவார். அவர் அறைக்கு எதிரே பிள்ளைகள் பந்து விளையாடினால் வேறு அறைக்காரி வந்து முதுகில் ஒன்று வைப்பாள். அந்தப் பிள்ளையின் தாய் அதற்காகச் சண்டைக்குப் போக மாட்டாள். நாளைக்கு அவள் கணவனுக்கும் இரவு ஷிப்ட் வரும்.

தண்ணீர் வரும் நேரத்தில் ஒரு வட்டாரத்தை நன்றாக அறியலாம். விடியற்காலையில் லாரி வரும் என்றால் முந்தின இரவே குடங்கள் வரிசையில் நிற்கும். ஒவ்வொரு குடத்தையும் அதன் நிறத்தையும் நசுங்கலையும் வைத்தே யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். ஆள் இல்லாத குடம் ஆள் இருப்பதற்குச் சமம். வரிசையில் முன்னால் நின்ற குடத்தை எடுத்துப் பின்னால் வைத்தவளுக்கு அன்று கிடைக்கும் வசவு நீங்கள் காதால் கேட்கக் கூசும்படி இருக்கும். ஆனால் மூட்டுவலிக்காரக் கிழவியின் குடத்தை நிரப்பி வாசலில் வைத்துவிட்டுப் போகிறவளும் அதே வாய்க்காரிதான். நேற்றுச் சண்டை போட்டவர்கள் இன்று ஒரே வண்டியில் போவதைப் பார்த்து வியந்திருக்கிறீர்கள். தனித்தனிக் குழாய் இருக்கும் வீட்டில் பகையை வருடக்கணக்கில் பேணலாம். பொதுக்குழாயில் முடியாது. மறுநாள் அவள் உதவி வேண்டும். அதனால் கோபத்தை அன்றைக்கே சத்தமாகப் போட்டுத் தீர்த்துவிடுகிறார்கள்.

தெருவில் நாற்காலி போட்டு உட்காருவதும் இப்படித்தான். குடிசை மாற்று வாரியம் 1970இல் தொடங்கப்பட்டது. இப்போது அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 2021இல் மாற்றினார்கள். அது கட்டிக்கொடுத்த பழைய வீடுகளில் பல 300 சதுர அடிக்கும் குறைவு. மக்கள் வாயில் அது ‘ஹவுசிங் போர்டு’. அந்த அளவுக்குள் கட்டில், பீரோ, அடுப்பு, பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், படுத்த படுக்கையாய் இருக்கும் மாமியார். மீதிக் குடும்பம் எங்கே போகும்? தெருதான் அவர்களுக்குக் கூடம். நாம் வீட்டுக்குள் திரை போட்டுச் செய்கிற அத்தனையும் அங்கே பார்வைக்கு வந்துவிடுகிறது, அதனால் ‘எப்போதும் தெருவிலேயே கிடக்கிறார்கள்’ என்ற பேச்சும் வந்துவிடுகிறது. இரவு பதினொரு மணிக்கு உங்கள் மனைவியோ மகளோ தனியாக ஆட்டோவிலிருந்து இறங்கினால், பார்க்கப் பத்துக் கண்கள் இருக்கும். என் தங்கை இரவுப் பணி முடித்து வந்த காலமெல்லாம் எங்கள் வீட்டில் யாரும் வாசலில் காத்திருந்ததில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

இந்த நெருக்கத்திலிருந்து பெரிய காரியங்கள் பிறந்திருக்கின்றன. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பெரம்பூரில் உருவானது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அன்னி பெசன்ட்டின் சகாவான பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர் என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அந்தத் தொடக்கத்துக்குப் பின்னால் செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு என்ற இருவர் இருந்தது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இருவரும் ஆலைப் பகுதியில் வாணிபம் செய்தவர்கள். அங்கிருந்த ஒரு பஜனை சபையை நடத்தியவர்கள். வேலை முடிந்து அங்கே வந்து உட்கார்ந்த தொழிலாளிகள் உணவு இடைவேளை போதவில்லை, மேஸ்திரி அடிக்கிறார் என்று சொல்லிப் புலம்பியதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள். அவர்கள்தான் வாடியாவைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. சங்கம் ஆலைக்குள் பிறக்கவில்லை. ஆலை வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் இடையில், கடையிலும் பஜனையிலும் பிறந்தது. நிர்வாகம் வழக்குப் போட்டு வாடியாவை நீதிமன்றத்துக்கு இழுத்தது. தொழிற்சங்கம் நடத்துகிறவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்ற குரல் அதற்குப் பிறகுதான் வலுத்தது. 1926இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. உங்கள் அலுவலகத்தில் இன்று யாராவது அச்சமில்லாமல் சங்கம் வைக்க முடிகிறது என்றால், அதில் உங்கள் வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களுக்குப் பங்கு உண்டு.

ஆனால் அதே தெருக்கள் 1921இல் எரிந்தன. அதைச் சொல்லாமல் ஒற்றுமையை மட்டும் பாடினால் நான் பொய் சொன்னவனாவேன். அந்த ஆண்டு வேலைநிறுத்தம் பல மாதங்கள் நீண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினார்கள். கையில் ஒரு வார அரிசிக்கும் வழியில்லாதவர்கள். வேலைநிறுத்தம் செய்த மற்றவர்களோ அதுவரை அவர்களைத் தங்களில் ஒருவராக நினைத்ததில்லை. புளியந்தோப்பில் அவர்களுடைய குடிசைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. மோதல்களிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலும் உயிர்கள் போயின. ஒரே தறி, ஒரே சங்கு, ஆனால் குடியிருப்பு மட்டும் சாதிவாரியாகத் தனித்தனி. சேர்ந்து வேலை செய்வது தானாகவே மனிதரைச் சேர்த்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டும். இன்றும் வடசென்னையில் எந்தத் தெரு யாருடையது என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். கொஞ்சம் கரைந்திருக்கிறது, போய்விடவில்லை.

சாவு வீட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சத்தம் உங்களுக்குத் தொந்தரவாக இருந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒருமுறை கீழே இறங்கிப் போய் நின்று பாருங்கள். இறந்த செய்தி வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஷாமியானா வந்துவிடும். யார் சொன்னது, யார் முன்பணம் கொடுத்தது என்று அந்த வீட்டாருக்கே தெரியாது. ஐஸ் பெட்டிக்கு ஒருவன் போயிருப்பான். நாற்காலிகள் இறங்கும்போது எண்ணி வாங்கிக்கொள்ள ஒருவன் நிற்பான். திரும்பிக் கொடுக்கும்போது குறைந்தால் அவன் கையிலிருந்து போடுவான். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. ஆகவே எதிர்வீட்டில் தேநீர், பக்கத்து வீட்டில் பிள்ளைகளுக்கு இட்லி. வெளியூர் உறவுகள் வந்து சேர மறுநாள் ஆகும் என்றால் அந்த இரவு முழுவதும் உடலுக்குத் துணை இருக்க வேண்டும். தூங்கிவிடக் கூடாது. அந்த நீண்ட இரவைக் கடக்கத்தான் கானா பாடினார்கள். வாசலில் ஒருவர் தாளம் போட, இறந்தவர் எங்கே வேலை பார்த்தார், யாருக்கு என்ன செய்தார், எப்படிச் சிரிப்பார் என்றெல்லாம் சேர்த்துப் பாடுவார்கள். நாளிதழில் அவர் பெயர் வராது. அவரைப் பற்றி யாராவது நான்கு வரி சொல்வார்கள் என்றால் அது அந்த இரவில்தான். பணக்காரத் தெருக்களில் நான் பல சாவுகளுக்குப் போயிருக்கிறேன். அரை மணி நேரம் கைகட்டி நின்றுவிட்டு, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவோம். இறந்தவரோடு யார் அந்த இரவு இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இதெல்லாம் பணத்தாலும் ஓடுகிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வங்கி கடன் கொடுக்காத இடத்தில் ஏலச்சீட்டும் தண்டலும் இருக்கும். தண்டல் என்றால் தினவசூல் கடன். பத்தாயிரம் என்று எழுதுவார்கள், பிடித்தம் போகக் கையில் அதைவிடக் குறைவாகத்தான் வரும், நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். கொடுமையான வட்டி. ஆனாலும் மீன் கூடைக்காரி அதிகாலையில் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுக்கக் கையில் ரொக்கம் வேண்டும். எந்த வங்கி அந்த நேரத்தில் திறந்திருக்கிறது? சீட்டில் முகம்தான் ஜாமீன். சீட்டை எடுத்துவிட்டு ஓடியவன் அந்தத் தெருவுக்குத் திரும்பி வர முடியாது. எதிர்வீட்டுக்காரியின் நகையை அடகு வைத்துத் தன் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டிய பெண்கள் பலரை எனக்குத் தெரியும். ரசீது கிடையாது, சாட்சி கிடையாது.

இந்தப் பக்கமே அழுக்கு என்கிறார்கள். சென்னையின் இரண்டு பெரிய குப்பைக் கிடங்குகளில் ஒன்று கொடுங்கையூரில். இறைச்சிக்கூடம் புளியந்தோப்பில். அனல்மின் நிலையங்கள் எண்ணூர்ப் பக்கம், எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் மணலியில். நகரம் தன் வீட்டில் வைக்க விரும்பாத அத்தனையையும் வடக்கே தள்ளிவிட்டு, பிறகு வடக்கில் நாற்றம் என்று மூக்கைப் பிடித்துக்கொள்கிறது. ‘ஓட்டேரி நல்லா’ என்று அழைக்கப்படுவது ஒரு மழைநீர் ஓடை. அதைச் சாக்கடை ஆக்கியது அதன் கரையில் இருப்பவர்கள் மட்டும்தானா? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நகரின் மற்ற இடங்களில் தண்ணீர் வடிந்த பிறகும் புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் இடுப்பளவு நின்றது. கணேசபுரம் சுரங்கப்பாதை நாலு தூறலுக்கே மூடப்படுவது இந்தப் பக்கத்துக்குப் பழகிப்போன செய்தி. இதெல்லாம் இந்த வட்டாரத்தின் குணக்கேடு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கத்தியும் கஞ்சாவும் இல்லையா என்று உங்கள் உறவினர்கள் கேட்பார்கள். இருக்கின்றன. பழிவாங்கும் கொலைகள் நடக்கின்றன. அவற்றால் முதலில் சாகிறவர்களும் பயப்படுகிறவர்களும் இதே தெருக்காரர்கள்தான். ஆனால் மில் ஓடிய காலத்தை அறிந்தவர்களைக் கேளுங்கள். ஓர் இளைஞன் பதினெட்டு வயதில் தந்தையோடு ஆலைக்குள் நுழைந்துவிடுவான். மாதச் சம்பளம், வருங்கால வைப்பு நிதி, தீபாவளி போனஸ். 1996இல் ஆலை மூடியது. அப்பாவுக்கு இருந்த சம்பளச் சீட்டு மகனுக்கு இல்லை. தினக்கூலி, பெயிண்ட் அடிப்பது, பந்தல் போடுவது, இப்போது உணவுப் பொட்டலம் கொண்டு கொடுப்பது. நேர்முகத் தேர்வில் முகவரி சொன்னதும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். பெரம்பூர் என்று சொல்லலாம். புளியந்தோப்பு என்று சொல்லாதே என்று தாய்மார்களே சொல்லி அனுப்புகிறார்கள். வட்டாரத்தின் பெயரைக் கெடுப்பதில் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சிச் செய்திகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. இந்தப் பக்கத்து முகம் என்றாலே கையில் ஆயுதத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

இனி உங்கள் மனுவில் இருக்கும் அந்த ஒரு வரி. தரம் உயர வேண்டும். ஏறக்குறைய இதே சொற்களோடுதான் நகரத்தின் நடுவிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியே கொண்டுபோகப்பட்டன. குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்தில் “ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்” என்பது அதன் முழக்கம். குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பது அன்றைய கொள்கை. குறைகள் இருந்தாலும் நல்ல கொள்கை. 2000 முதல் கண்ணகி நகர், சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம் என்று பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் தள்ளினார்கள். சென்ட்ரலிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரும் அதற்கு மேலும். கான்கிரீட் வீடு கிடைத்தது. கழிப்பறை உள்ளேயே இருக்கிறது. அதைக் குறைத்துப் பேச எனக்கு உரிமையில்லை. ஒரு கக்கூஸுக்கு வரிசையில் நின்றவன் நான். ஆனால் குலுக்கல் போட்டு வீடு ஒதுக்கினார்கள். பத்து வீட்டுக்காரர்களும் அங்கே போனார்கள், பத்துப் பேரும் பத்து பிளாக்கில். கிழவியின் குடத்தை நிரப்பியவள் எங்கோ ஐந்தாவது மாடியில். சீட்டுப் பிடித்தவள் வேறு வரிசையில். எக்மோரில் இரண்டு வீட்டில் பாத்திரம் துலக்கியவள் காலை பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் நின்று வந்து பார்த்தாள், சில மாதங்களில் விட்டுவிட்டாள். பிள்ளைகள் படிப்பை நடுவில் நிறுத்தினார்கள். ஆட்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்தும் அந்த வட்டாரம் போய்ச் சேரவில்லை. அதன் பிறகு அங்கே திருட்டும் அடிதடியும் அதிகம் என்று செய்தி போட்டார்கள்.

லண்டனில் இதை 1950களிலேயே கண்டார்கள். கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீனில் தொழிலாளர் குடும்பங்களை ஆராய்ந்த சமூகவியலாளர்கள், மணமான மகள்கள் தாய் வீட்டுக்கு நாலு தெரு தள்ளியே குடியிருப்பதைப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் சிலவற்றைத் தோட்டம் வைத்த புதிய வீடுகளுக்கு மாற்றியதும், நல்ல வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்களைத்தான் அங்கே கண்டார்கள். புளியந்தோப்பிலேயே வேறு ஒரு பாடம் இருக்கிறது. கே.பி. பூங்கா என்ற வாரியக் குடியிருப்பில், மக்கள் இருந்த இடத்திலேயே புதிய மாடி வீடுகள் எழுந்தன, இடம் மாற்றவில்லை. ஆனால் 2021இல் சுவர்ப்பூச்சு கையால் தேய்த்தாலே உதிர்கிறது என்று குடியிருப்பவர்கள் காட்டினார்கள், ஐஐடி வல்லுநர்கள் வந்து சோதித்தார்கள். ஏழைக்குக் கட்டுவது என்றால் இவ்வளவு போதும் என்ற நினைப்பு எங்கோ இருக்கிறது.

சரி, உங்கள் சங்கம் என்னதான் செய்யலாம்? சந்துக்குக் கேட் வேண்டாம். அந்தச் சந்து வழியாகத்தான் பின்தெருப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்களா, ஆம்புலன்ஸ் வர அது ஒன்றே வழியா என்று முதலில் நடந்து பாருங்கள். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். மீன் விற்கும் இடத்தில் நாற்றம் என்றால், நாற்றம் கழிவுநீர் தேங்குவதால் வருகிறது. ஒரு குழாய், சிமெண்ட் மேடை, மூடிய வடிகால் மூன்றும் வேண்டும் என்று மனுக் கொடுங்கள். அந்தப் பெண்களையும் கையெழுத்திடச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைவிட வேகமாக வார்டு கவுன்சிலரின் வாசலில் நிற்பார்கள். அந்த மனுவில் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். குப்பை வண்டி பின்தெருவுக்கும் தினம் வர வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குடியிருப்புக்கு வீட்டு வேலைக்கும் காவலுக்கும் வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்களில் பலர் மில் தொழிலாளிகளின் பேரப்பிள்ளைகளாக இருப்பார்கள். அவர்களுக்கு உங்கள் வளாகத்தில் தனி லிஃப்ட், உட்கார இடமில்லை என்பது போன்ற விதிகள் இருந்தால் அவற்றை எடுக்கச் சொல்லிப் பேசுங்கள். இது எளிதாக இருக்காது. ஓரிருவர் உங்களோடு முகம் கொடுத்துப் பேசாமல் போகலாம்.

மகனை அனுப்புங்கள். சந்தேகமே வேண்டாம். கேரத்தின் முதல் உலக சாம்பியன் மரிய இருதயம் சென்னைக்காரர். 1996இல் அர்ஜுனா விருது பெற்றார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்த பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்த மன்றங்கள் பெரும்பாலும் பத்துக்குப் பத்து அறையில் நடக்கும். பலகைக்கு நேர்மேலே தொங்கும் ஒரு விளக்கு, ஒரு டப்பா போரிக் பவுடர், சுவரில் அம்பேத்கர் படம், வரிசையாகக் கோப்பைகள். சேர்க்கைப் படிவமோ கட்டணமோ பெரும்பாலும் இருக்காது. பவுடருக்கும் மின்சாரத்துக்கும் எல்லோரும் கொஞ்சம் போடுவார்கள், நீங்களும் போடுங்கள். சின்னப் பையன்கள் முதல் சில வாரம் காயைப் பொறுக்கிக் கொடுத்து, பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்ட்ரைக்கரைக் கையில் கொடுக்கவில்லையே என்று அழுதுகொண்டு வந்தால் நீங்கள் போய்ப் பஞ்சாயத்துப் பேசாதீர்கள். முதல் நாள் மட்டும் கூடவே போய், அங்கிருக்கும் மூத்தவரிடம் பெயரைச் சொல்லி, எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்றும் சொல்லிவிட்டு வாருங்கள். இருட்டிய பிறகு யாராவது ஓர் அண்ணன் அவனை உங்கள் கேட் வரை கொண்டுவந்து விடுவார். அவரை உள்ளே விடும்படி காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.